கப்பலில் குறைந்த மாவுச்சத்து உணவு: தாராவிக்காரர் ஒருவரின் ஐந்து இரவுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

மும்பை பல்லார்ட் பியர் துறையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் சொகுசுக் கப்பல்கள் போகத் தொடங்கிய பிறகு, உணவு ஆலோசனைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அஞ்சு நாள் கப்பல்ல இருக்கப்போறோம் மேடம், டயட்டை என்ன பண்றது?" எல்லோருக்கும் பயம் பஃபே மேல்தான். மூன்று வேளையும் வரிசையாக அடுக்கி வைத்த பாத்திரங்கள், நடுராத்திரியில் வடா பாவ், கேட்காமலே கையில் வந்து விழும் இனிப்பு. பயம் நியாயமானதுதான். ஆனால் இங்கே எழுதப்போகும் நபருக்கு பஃபேயால் பெரிய சேதம் எதுவும் நடக்கவில்லை. அவருக்குச் சர்க்கரையை ஏற்றியது வேறொன்று. அதைவிட முக்கியமாக, ஆபத்து வந்த அன்று சர்க்கரை ஏறவில்லை, இறங்கியது. இதை எழுத அதுதான் காரணம்.

(நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நோயாளி

54 வயது ஆண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தாத்தா காலத்தில் மும்பைக்கு வந்த குடும்பம். தாராவியில் தோல் பையும் பெல்ட்டும் தைக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். 9 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. என்னிடம் வந்தபோது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.4, எடை 86 கிலோ. மாத்திரைகள்: மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் இரண்டு வேளை, கிளிமெபிரைடு 2 மில்லிகிராம் காலையில், டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம்.

அவருடைய பழைய சாப்பாடு பட்டறைக்காரர் சாப்பாடு. காலையில் ஐந்து இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும், இரவில் மறுபடி சோறு, நடுவில் கணக்கில்லாத கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ). இவர் மட்டும் இப்படி என்று இல்லை. ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) என்ற தேசிய நீரிழிவு ஆய்வுக் குழு 2025இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியர்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. அதே குழு 2023இல் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று கணித்தது.

நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்பார்கள். 50 கிராமுக்குக் கீழே போனால் கீட்டோ. பேலியோ என்று நம் ஊரில் பரவிய முறையில் பலரும் இந்த இரண்டாவது எல்லைக்குத்தான் போய்விடுகிறார்கள். இவருக்கு அது வேண்டாம் என்று அவருடைய மருத்துவரும் நானும் முடிவு செய்தோம். காரணம் அந்த மாத்திரைப் பட்டியல். அதைப் பின்னால் சொல்கிறேன். நாளுக்கு 90 கிராம் என்று வைத்தோம். இட்லி இரண்டாகி, கூடவே இரண்டு முட்டை வந்தது. மதியம் சோறு ஒரு சின்னக் கிண்ணம், மீன் இரண்டு மடங்கு. மாட்டுங்கா மார்க்கெட்டில் நம் ஊர்க் கீரையும் வாழைத்தண்டும் கிடைப்பதால் அவர் மனைவிக்குச் சமையல் பெரிய சிரமமாக இல்லை. சாயில் சர்க்கரை நின்றது. எட்டு மாதத்தில் ஹெச்பிஏ1சி 6.9, எடை 79. மருத்துவர் கிளிமெபிரைடைப் பாதியாக, 1 மில்லிகிராமாகக் குறைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மகளும் மருமகனும் கப்பல் டிக்கெட் எடுத்தார்கள். மும்பையில் ஏறி, கோவா, லட்சத்தீவு, திரும்ப மும்பை.

ஏறுவதற்கு முன்

உணவைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். மனைவி ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தார்: மீன் வறுத்து எடுத்துக்கொள்ளலாமா, பருப்புப் பொடி கொண்டுபோகலாமா, முட்டை அவித்து எடுத்துக்கொள்ளலாமா. கப்பல்களில் வீட்டில் சமைத்த உணவை ஏற்ற அநேகமாக விடமாட்டார்கள், நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சீல் பிரிக்காத வேர்க்கடலை, பாதாம் பொட்டலங்களோடு பட்டியலை முடித்துக்கொண்டேன். கூடவே குளுக்கோஸ் பொடி ஒரு பாக்கெட். "டயட்ல இருக்கிறவருக்கு குளுக்கோஸா?" என்று மருமகன் சிரித்தார்.

அன்று நேரம் போனதெல்லாம் மாத்திரைப் பேச்சில்தான். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. நல்ல மருந்துதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பலன் உண்டு. ஆனால் மாவுச்சத்து மிகக் குறைவாகச் சாப்பிடும்போதோ, வாந்தி எடுத்து உடம்பு வறளும்போதோ, மது குடிக்கும்போதோ இந்த மருந்து உள்ளே இருந்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் தேங்கிவிடலாம். வழக்கமாக அப்படித் தேங்கும்போது சர்க்கரை அளவும் எகிறும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இந்த மருந்து உள்ளவர்களுக்குச் சர்க்கரை கிட்டத்தட்ட சாதாரணமாகக் காட்டிக்கொண்டே அமிலம் ஏறும் என்பதுதான் விபரீதம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதை எச்சரித்தது.

கடல் பயணத்தில் இந்த மூன்றும் ஒரே ராத்திரியில் சேரலாம். அதனால் மருத்துவர் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தி, திரும்பி வந்து சாப்பாடு சீரான பிறகு தொடங்கலாம் என்றார். கிளிமெபிரைடைப் பற்றியும் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: காலையில் சாப்பிட முடியவில்லை என்றால் போடக் கூடாது. இந்த முடிவுகளை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் கையில் சர்க்கரை சென்சார் ஒட்டிக்கொண்டார். போனை அருகில் கொண்டுபோனால் அளவு காட்டும், இணையம் தேவையில்லை. நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் காசு என்பதால் இது உதவியாக இருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியும், சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகளும் பையில் வைத்துக்கொண்டார்கள்.

பஃபே

முதலில் ஒரு சுற்று சும்மா நடந்து பாருங்கள், தட்டை எடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அதை அவர் அப்படியே செய்தார். பட்டறையில் தோல் வாங்கும்போது முதல் கட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கிறவர் அவர். இது அவருக்குப் பழக்கமான வேலை.

காலையில் முட்டை கவுண்டர் இருந்தது. எதிரில் நின்று ஆம்லெட் போடச் சொன்னால் உள்ளே என்ன போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மதியமும் இரவும் தந்தூரிக் கோழி, சிக்கன் டிக்கா, பன்னீர் டிக்கா. இவை தொல்லை இல்லாதவை. மாவில் முக்கிப் பொரிக்கும் கோலிவாடா மீன் வேறு கதை. மீன் என்று பெயர் இருந்தாலும் பாதிக்குப் பாதி மேல்பூச்சு. மஞ்சூரியனும் கெட்டியான சூப்பும் சோளமாவில் நிற்பவை. மக்கனி கிரேவியில் சர்க்கரையோ தேனோ சேர்ப்பது வழக்கம். டோக்ளா கடலை மாவு என்பதால் நல்லது என்று நினைப்பவர்கள் அதன் மேல் ஊற்றும் சர்க்கரைத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். சாம்பார் நம்முடையது என்று உரிமையோடு ஊற்றிக்கொள்ளவும் முடியாது. மும்பை உடுப்பி ஹோட்டல் சாம்பாரில் வெல்லம் விழும், அதே கைகள்தான் பல இடங்களில் சமைக்கின்றன.

ஒரு நல்ல விஷயத்தை அவர் மனைவி கண்டுபிடித்தார்: ஜெயின் கவுண்டர். மும்பையிலிருந்து போகும் கப்பலில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் நிறைய வருவதால் அது தனியாகவே இருக்கும். ஜெயின் சமையலில் மண்ணுக்கடியில் விளைவது சேராது. உருளை இல்லை, கேரட் இல்லை, பீட்ரூட் இல்லை. ஆகவே அந்தப் பொரியல்களில் முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெண்டை, பன்னீர்தான் அதிகம். நம் வேலைக்குப் பொருந்துகிறது. ஆனால் அங்கே பாவ் பாஜியில் உருளைக்குப் பதில் வாழைக்காய் போட்டுவிடுவார்கள், அதில் மாவுச்சத்து குறைந்தபாடில்லை. பாவ் ஒன்றிலேயே 20 கிராமுக்கு மேல் இருக்கிறது என்பது தனி.

சாப்பிடும் வரிசையையும் சொல்லியிருந்தேன். காய், மீன், கோழி முதலில். சப்பாத்தியோ சோறோ கடைசியில். 2015இல் அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்தார்கள். 11 பேர் மட்டுமே கலந்துகொண்ட சின்ன ஆய்வு. ஒரே சாப்பாட்டை ரொட்டி முதலிலும் ரொட்டி கடைசியிலுமாக வரிசை மாற்றிச் சாப்பிட வைத்தபோது, ரொட்டி கடைசியில் வந்த அன்று ஒரு மணி நேரச் சர்க்கரை அளவு சுமார் 37 சதவீதம் குறைந்திருந்தது. இவருக்கு இன்னொரு லாபமும் இருந்தது. ரொட்டிக்கு வரும்போது வயிறு நிறைந்துவிடுகிறது, ஒன்றோடு எழுந்துவிடுகிறார்.

பதினொரு மணி மர்மம்

கப்பல் கோவாவில் நின்றபோது போனில் கூப்பிட்டார். குரலில் எரிச்சல்.

"ஆம்லெட் சாப்பிட்டா ஏறல மேடம். நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கும் ஏறல. நேத்து சாயங்காலம் 187, இன்னிக்குப் பதினொரு மணிக்கு 192. சென்சார் கெட்டுப்போச்சா?"

"அந்த நேரத்துல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. டீதான்."

"சர்க்கரை போட்டதா?"

"நான் போடல."

அவர் போடவில்லை, இயந்திரம் போட்டிருந்தது. மேல்தளத்தில் இருந்த டீ மெஷின் பால், சர்க்கரை எல்லாம் கலந்த பொடியில் ஓடுவது. ஒரு கோப்பையில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரைக்குக் குறையாது. கட்டிங் கிளாஸ் அளவுக்குப் பழகியவருக்குக் கப்பல் கோப்பை பெரியது, அதையும் இரண்டு முறை நிரப்பியிருக்கிறார். வெறும் வயிற்றில் கொழுப்பும் புரதமும் கூட இல்லாமல் திரவமாகப் போகும் சர்க்கரை வேகமாக ஏறும். இரவுச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியோடு எழுந்த மனிதர், டீயில் இரண்டு சப்பாத்திக்கான மாவுச்சத்தைக் குடித்திருந்தார்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் கேட்டால் டீத்தூளும் வெந்நீரும் பாலும் தனித்தனியாகத் தருவார்கள். அன்று மாலையிலிருந்து அப்படியே குடித்தார், மாலையில் சர்க்கரை எகிறுவது நின்றது. நான் பார்த்தவரை மும்பைக்காரர்கள் பயணத்தில் தோற்பது பெரும்பாலும் டீயிடம்தான். குலாப் ஜாமூனைத் தாண்டிப் போகிற மன உறுதி உள்ளவர்களும் டீயை உணவென்று கணக்கு வைப்பதில்லை.

நான்காம் இரவு

லட்சத்தீவில் இறங்கிய நாள் அவருக்குக் கொண்டாட்டம். காலையில் ஆம்லெட், வழக்கம்போல் மாத்திரை. தீவில் சூரை மீனும் தேங்காயும் சேர்ந்த சாப்பாடு, சோற்றை அநேகமாகத் தொடவில்லை. பிறகு ஆழமில்லாத நீலத் தண்ணீரில் பேரனோடு மணிக்கணக்கில் நீச்சல். அன்று மாலை சென்சார் 96 காட்டியது. குடும்பமே பாராட்டியது.

லட்சத்தீவில் பெரும்பாலான இடங்களில் மதுவிலக்கு. கப்பலுக்குத் திரும்பியதும் சம்பந்தியோடு இரண்டு பெக் விஸ்கி, சோடா கலந்து. அவர் கணக்கு சரிதான்: விஸ்கியில் மாவுச்சத்து இல்லை. பீர் வேண்டாம், பழச்சாறு கலந்த காக்டெயில் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். கொஞ்சமாகக் குடியுங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள் என்பதும் அதே தாளில் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அலை கொஞ்சம் கூடியது. சாப்பிட்டு அரை மணியில் தலை சுற்றி, இரண்டு முறை வாந்தி. குமட்டலுக்கு மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். கடல் குமட்டலுக்கு மாத்திரை முன்கூட்டியே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும்; வாந்தி வந்த பிறகு அதனால் அதிகப் பயன் இல்லை.

விடியற்காலை மூன்றரை மணிக்கு மனைவி விழித்துக்கொண்டார். கணவர் உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுக்கம். "ஏங்க, என்ன பண்ணுது?" என்றால் பதில் குழறுகிறது. போனை சென்சாரில் வைத்தார்: 63. விரலில் குத்திப் பார்த்தார்: 66. 70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 89. பிறகு நான்கு பிஸ்கட். அரை மணியில் 112.

தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டயட் உடைஞ்சிருச்சோ?"

அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

கப்பலில் இருந்த மருத்துவரைக் காலையில் பார்த்தார்கள். கீட்டோன் பட்டையில் லேசான நிறமாற்றம்தான். மாவுச்சத்து குறைவாகச் சாப்பிட்டு, இரவில் வெகுநேரம் வயிறு காலியாக இருந்தவருக்கு அது எதிர்பார்க்கக்கூடியதே. மூச்சு வாங்கல் இல்லை, வயிற்று வலி இல்லை. உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தார், அன்றைக்குக் கிளிமெபிரைடு வேண்டாம் என்றார். மதியத்துக்குள் தயிர்ச்சோறு கொஞ்சம் இறங்கியது. நானாக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். வாந்தி எடுத்தவருக்கு அன்றைக்கு 90 கிராம் எல்லையெல்லாம் கிடையாது.

என்ன நடந்தது

தாழ்சர்க்கரைக்கு ஒரே காரணம் தேடினால் கிடைக்காது. கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும். நீச்சலடித்த தசைகள் அடுத்த பல மணி நேரத்துக்கு ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். இரவுச் சாப்பாடு வாந்தியில் போய்விட்டது.

இதெல்லாம் நடந்தாலும் கல்லீரல் காப்பாற்றும். சேமித்து வைத்த கிளைகோஜனை உடைக்கும், அது தீர்ந்தால் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும். குறைந்த மாவுச்சத்து உணவில் இருப்பவருக்குக் கிளைகோஜன் கையிருப்பு மற்றவர்களைவிடக் குறைவு, ஆகவே புதிதாகத் தயாரிப்பதை அதிகம் நம்ப வேண்டும். மது அந்தத் தயாரிப்பைத்தான் நிறுத்துகிறது. கல்லீரல் ஆல்கஹாலை அப்புறப்படுத்தும் வேலையில் இறங்கிவிட்டால் குளுக்கோஸ் செய்வது பின்னுக்குப் போகிறது. விஸ்கியில் மாவுச்சத்து பூஜ்யம் என்பது உண்மை. ஆபத்தும் அதனால்தான் கூடியது. ஒரு பீர் குடித்திருந்தால் சென்சார் கொஞ்சம் ஏறியிருக்கும், ராத்திரி இவ்வளவு மோசமாகப் போயிருக்காது என்று மருத்துவர் பாதி வேடிக்கையாகச் சொன்னார். அதற்காகப் பீர் குடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டாபாகிளிஃப்ளோசின் உள்ளே இருந்திருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கிறேன். வாந்தி, வறட்சி, மது, குறைவான மாவுச்சத்து, எல்லாம் சேர்ந்திருந்தன. அமிலம் தேங்க ஆரம்பித்தாலும் குமட்டலும் வாந்தியும்தான் முதல் அறிகுறி. கடல் குமட்டல் என்று நினைத்து எல்லோரும் தூங்கியிருப்பார்கள். நடுக்கடலில் தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது.

குறைந்த மாவுச்சத்து உணவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் எதைச் சாப்பிடலாம், எதில் எத்தனை கிராம் என்ற பட்டியல்கள் ஏராளம். மாத்திரை சாப்பிடாதவருக்கு அந்தப் பட்டியல் போதும். மாத்திரை சாப்பிடுகிறவர் பயணம் போகும்போது, அந்தப் பட்டியலுக்கு முன்னால் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அதுவும் கிளம்புவதற்கு முந்தைய நாள் போனில் கேட்பது போதாது. சில மருந்துகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

திரும்பிய பிறகு

எடை 1.2 கிலோ கூடியிருந்தது. அவருக்கு அதுதான் பெரிய வருத்தம். கல்லீரலிலும் தசையிலும் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கப்பல் சாப்பாட்டின் உப்பும் சேர்ந்தால் தராசு ஏறத்தான் செய்யும். பத்து நாளில் ஒரு கிலோ தானாகவே இறங்கியது. சென்சார் கணக்கில் ஐந்து நாட்களின் சராசரி 131. வீட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அதில் பெரும் பங்கு அந்த முதல் இரண்டு டீ வேளைகளுக்கு.

இரண்டு நாள் சாப்பாடு சீரானதைப் பார்த்துவிட்டு மருத்துவர் டாபாகிளிஃப்ளோசினைத் திரும்பத் தொடங்கினார், 90 கிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கிளிமெபிரைடை நிறுத்திவிட்டு, தாழ்சர்க்கரையை அபூர்வமாகவே உண்டாக்கும் சிடாக்ளிப்டினை எழுதினார். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 6.8. இப்போது குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று பட்டறை மேசை இழுப்பறையிலும் இருக்கிறது. அதை வாங்கி வைத்தவர் மருமகன்.